அகல் திரியும் மெழுகுத் திரியும்

பாளையங்கோட்டையில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கும் அக்கா, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளில், தம் கணவரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இருட்டும்வரை அங்கேயே அமர்ந்திருப்பார். சென்ற ஆண்டு அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பை நிறையப் பாதி எரிந்த மெழுகுவர்த்திகள் இருந்தன. "கடையில வாங்குறது காத்துக்கு நிக்கவே மாட்டேங்கு. பத்து ஏத்துனா எட்டு அணைஞ்சிருது. தூக்கிப் போட மனசு வரல, நீ ஏதாவது செய்வியே, வச்சுக்கோ" என்று சொல்லிப் பையை என்னிடம் கொடுத்தார். அந்தப் பையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ மெழுகு இருந்தது. அடுத்த திருநாளுக்குள், மாலை முழுவதும் அணையாமல் எரியும் ஒரு மெழுகுவர்த்தியை அவருக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கினேன். ஓராண்டில் நான் கற்றுக்கொண்டவற்றை, புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதால், இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். மெழுகுத் துண்டுகளை ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு நேரடியாக எரிவாயு அடுப்பில் வைத்தேன். கல்லறையில் கிடந்த துண்டுகளில் பனி ஈரமும் மண்ணும் ஒட்டியிருந்தன என்பதை நான் கவனிக்கவில்லை. உருகிய மெழுகுக்கு அடியில் தங்கிய நீர் கொதிநிலையை எட்டியதும், தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்டதுபோல் மெழுகு வெடித்துத் தெறித்து, என் முழங்கையில் இரண்டு இடங்களில் கொப்புளம் வந்தது. வேறு பெரிய கேடு நேரவில்லை என்றாலும், அன்றோடு மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன்.

அகலமான ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை ஒரு சிறிய வளையத்தின்மேல் நிறுத்தி உருக்குவதே சரியான முறை. கடைகளில் கிடைக்கும் சாதாரண பாரஃபின் மெழுகு 58 முதல் 60 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சுற்றியுள்ள நீரோ 100 டிகிரிக்கு மேல் போகாது. ஆகவே நீர் வற்றாதவரை மெழுகு புகைந்து தீப்பற்றும் வெப்பத்தை எட்ட வழியே இல்லை. நேரடித் தீயில் மறந்து விட்டுவிட்ட மெழுகு 200 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆவி தீப்பற்றிக்கொள்ளும். அப்படி எரியும் மெழுகின்மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது; ஊற்றினால் நீர் அந்தக் கணமே ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரைவரை வீசி எறியும். அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை இறுக மூடுவதும், ஆப்பச்சோடாவை அள்ளித் தூவுவதுமே வழி. நான் மெழுகு உருக்கும்போதெல்லாம் ஒரு கனமான மூடியும் ஒரு கிண்ணம் ஆப்பச்சோடாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

அழுக்கு மெழுகைச் சுத்தம் செய்வது நினைத்ததைவிட எளிது. உருகிய மெழுகு நீரைவிட இலேசானது என்பதால், கொஞ்சம் வெந்நீர் சேர்த்து உருக்கி, அசைக்காமல் ஆறவிட்டால், மெழுகு மேலே வட்டத் தட்டாக உறைய, மண்ணும் கரியும் அதன் அடிப்பரப்பில் படிந்துவிடும். அந்தத் தட்டைக் கவிழ்த்து அடிப்பகுதியைக் கத்தியால் சுரண்டி, நன்றாக உலர்த்தி, மறுபடி உருக்கிப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். ஒன்றரைக் கிலோவில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே நல்ல மெழுகு கிடைத்தது.

அடுத்தது திரி. இதில்தான் நான் அதிக நாள்களைச் செலவிட்டேன்; புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலோர் மெழுகின் நிறத்திலும் மணத்திலும் அச்சின் அழகிலும் காட்டும் அக்கறையில் பாதியைத் திரிக்குக் கொடுத்தாலே அவர்களுடைய மெழுகுவர்த்தி நன்றாக எரியும் என்று உறுதியாகச் சொல்வேன். எங்கள் வீட்டில் திரிக்குப் பஞ்சமே இல்லை. என் அத்தை (கணவரின் தாயார்) தினமும் மாலையில் பஞ்சை எடுத்து, உள்ளங்கையில் சிறிது விபூதியைத் தொட்டுக்கொண்டு, வலக்கையால் ஒரே உருட்டில் திரி திரித்துவிடுவார். அந்தத் திரிகளையே மெழுகில் வைத்து வார்த்தேன். ஏற்றிய ஐந்து நிமிடத்துக்குள் சுடர் சிறுத்து, திரி தன்னைச் சுற்றி உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துபோனது. இன்னும் தடிமனாகத் திரித்துப் பார்த்தபோது சுடர் நின்றது. ஆனால் ஒரு சாண் உயரத்துக்குக் கரும்புகை எழுந்தது.

ஏன் என்று யோசித்தபோதுதான் இரண்டு விளக்குகளுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தது. அகலில் எண்ணெய் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது. திரி அதை உறிஞ்சி மேலே கொண்டுவந்தால் போதும். அகலின் விளிம்பில் சாய்ந்து கிடக்கும் திரிக்குத் தானாக நிற்க வேண்டிய வேலையும் இல்லை. கரி பிடித்தால் நாம் தூண்டிவிடுகிறோம். மெழுகுவர்த்தியிலோ திரி செங்குத்தாக நிற்க வேண்டும், தன் சுடரின் வெப்பத்தாலேயே மெழுகை உருக்கிக்கொள்ள வேண்டும், உருகியதை அதே வேகத்தில் உறிஞ்ச வேண்டும், யாரும் தூண்டிவிடாமலே தன் நுனியைத் தானே எரித்துக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். உருட்டிய பஞ்சுக்கு இத்தனையும் இயலாது. பின்னிய நூல் திரிக்குத்தான் இயலும். 1825ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் கம்பசெரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவரும் வரை, மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் அதற்கென்றே செய்த கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அடிக்கடி கருகிய திரியை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பின்னலின் இழுவிசையால் திரியின் நுனி எரியும்போது ஒரு பக்கமாக வளைகிறது. வளைந்த நுனி சுடரின் வெளிவிளிம்பைத் தொடுகிறது. அங்கே காற்று தாராளமாகக் கிடைப்பதால் கரி மிஞ்சாமல் சாம்பலாகிவிடுகிறது. நல்ல மெழுகுவர்த்தி ஒன்றை அருகில் வைத்து உற்றுப் பாருங்கள்: வளைந்த திரியின் நுனியில் கடுகளவு சிவந்த கனல் தெரியும். அது தெரிந்தால் திரி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

பின்னல் திரியைச் சுருளாக வாங்கி, தேவையான நீளத்துக்கு வெட்டி, உருகிய மெழுகில் முக்கி வைக்க வேண்டும். நூலுக்குள் அடைபட்ட காற்று சிறு குமிழ்களாக வெளியேறும். குமிழ் நின்ற பிறகு எடுத்து, இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்துச் செய்தித்தாளின்மேல் கிடத்தினால், ஓரிரு நிமிடத்தில் ஈர்க்குச்சிபோல் விறைத்துவிடும். இந்தச் சிறு வேலையைத் தவிர்த்தால் திரியில் தங்கிய காற்றும் ஈரமும் எரியும்போது படபடவென்று பொரியும்.

தடிமனைத் தேர்ந்தெடுப்பதற்குச் சோதனை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 7 செ.மீ. விட்டமுள்ள ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குவளைகளில், ஒரே நாளில், ஒரே மெழுகை வார்த்து, மெல்லியது, நடுத்தரம், தடித்தது என மூன்று திரிகளை வைத்தேன். இரண்டு நாள் ஆறவிட்ட பிறகு மூன்றையும் மின்விசிறி இல்லாத அறையில் ஒன்றாக ஏற்றி, அரை மணிக்கு ஒரு முறை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன். மெல்லிய திரி தன்னைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டத்தை மட்டும் உருக்கிக் கிணறுபோல் கீழே இறங்கியது. ஓரத்து மெழுகு சுவராக அப்படியே நின்றது. தடித்த திரி ஒன்றரை மணி நேரத்தில் மேற்பரப்பு முழுவதையும் உருக்கிவிட்டது. ஆனால் சுடர் ஆடியது, திரியின் நுனியில் காளான் குடைபோல் கரி திரண்டது, குவளையின் வாயில் புகை படிந்தது. நடுத்தரத் திரி ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் உருகல், அதாவது திரியைச் சுற்றி உருகித் தேங்கும் மெழுகு, ஓரத்தைத் தொடும்படி எரிந்தது. குவளையின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அந்த நேரத்தில் உருகல் ஓரத்தை எட்டினால் திரி பொருத்தமானது. ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரியை 5 அல்லது 6 மி.மீ. உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். முதன்முறை ஏற்றும்போது உருகல் ஓரத்தைத் தொடும்வரை அணைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியில் அணைத்தால், அடுத்த முறையும் மெழுகு அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே உருகிக் குழியாகிவிடும்.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். தொடக்கத்தில் நான் திரியையும் மெழுகையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, கிடைத்த பலன் எதனால் வந்தது என்று தெரியாமல் மூன்று வாரத்தை வீணாக்கினேன்.

வார்க்கும்போது எல்லோருக்கும் அதிர்ச்சி தருவது நடுவில் விழும் குழி. மாலையில் சமமாக வார்த்து வைத்த மெழுகின் நடுவில், காலையில் பார்த்தால், விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். இது கைத்தவறு அன்று, மெழுகின் இயல்பு. உருகிய பாரஃபினில் 1 மில்லிலிட்டர் ஏறக்குறைய 0.8 கிராம் எடை இருக்கும். உறைந்ததில் அதே அளவு 0.9 கிராம் இருக்கும். ஆக, 200 மி.லி. கொள்ளும் அச்சில் 160 கிராம் மெழுகு ஊற்றினால், உறைந்தபின் அது 178 மி.லி. இடத்தையே நிரப்பும், மீதி 22 மி.லி. குறை, கடைசியாக உறையும் இடமான திரியின் அருகே குழியாக விழுகிறது. மேலே தோல் கட்டியதும் திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, முக்கால் பங்கு உறைந்த பிறகு மீதமுள்ள மெழுகை முதல் முறையைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் நிரப்புகிறேன். எனவே ஒவ்வொரு வார்ப்புக்கும் எட்டில் ஒரு பங்கு மெழுகைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு மெழுகு தேவை என்று அறிய, அச்சில் தண்ணீர் ஊற்றி அதை அளந்து, அந்த எண்ணை 0.9ஆல் பெருக்கினால் நிரப்புவது உட்பட மொத்த எடை கிராமில் கிடைத்துவிடும். அளந்த பிறகு அச்சை ஒரு துளி ஈரமும் இல்லாமல் துடைத்துக் காயவிட வேண்டும்.

விரைவாக உறையட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே சூடு மிஞ்சி, மெழுகு சிலந்தி வலைபோல் விரிசல் விடும். தனி அச்சில் வார்ப்பதாக இருந்தால், மெழுகில் பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால், அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதோடு கெட்டியாகவும் வெண்மையாகவும் இருக்கும். கொழுப்பிலிருந்து இதைப் பிரித்தெடுத்து மெழுகுவர்த்தி செய்யும் முறைக்கு, பிரெஞ்சு வேதியியலாளர்களான ஷெவ்ரலும் கே லூசாக்கும் 1825இல் காப்புரிமை பெற்றார்கள். புகையும் நாற்றமும் மிகுந்த விலங்குக் கொழுப்பு வர்த்திகளின் காலம் அதன்பின் மெல்ல முடிவுக்கு வந்தது. பாரஃபின் அதற்குப் பிந்தியது, பெட்ரோலியத்திலிருந்து வருவது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அது பிரித்தெடுக்கப்படுகிறது. நம் தென்மாவட்டங்களுக்கு இது புதிய பொருளும் அன்று: கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் செய்யப்படும் தீக்குச்சிகளின் நுனியில், மருந்தின் தீ மரத்துக்குத் தாவுவதற்காக, பாரஃபின் மெழுகையே தோய்க்கிறார்கள்.

எங்கள் ஊர் வெயில் தனிப்பாடம் கற்பித்தது. மே மாதத்தில் மேற்குச் சன்னலருகே அலமாரியில் நிறுத்தியிருந்த ஒல்லியான ஆறு மெழுகுவர்த்திகள், ஒரே வாரத்தில் காற்றடித்த நாணல்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. உருகுநிலை 58 டிகிரி என்பதால் அதுவரை மெழுகு உறுதியாக நிற்கும் என்று எண்ணியிருந்தேன். 40 டிகிரியிலேயே அது தன் எடையைத் தாங்க மாட்டாமல் இளகிவிடுகிறது. இப்போது கோடைக்காலத்தில் ஒல்லியானவற்றை வார்ப்பதில்லை; வார்த்தவற்றைப் படுக்கை வசத்தில், இருட்டான அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்குகிறேன். பலரும் விரும்பும் சோயா மெழுகு இன்னும் குறைந்த வெப்பத்தில் உருகுவது. நம் கோடையில் அதைக் கண்ணாடிக் குவளையைத் தவிர வேறெதிலும் வார்க்க வேண்டாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி வரை தாங்கும், மணமும் இயல்பானது, விலைதான் கூடுதல்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேசரிப்பொடி நீரில் கரைவது, மெழுகில் கரையாமல் அடியில் தங்கும். குழந்தைகளின் கிரேயான் கரைந்ததுபோல் தோன்றினாலும் அதன் நிறப்பொடி திரியின் நுண்துளைகளை அடைத்துச் சுடரைச் சாகடிக்கும். மெழுகுக்கென்றே விற்கும் சாயத்தை மிளகளவு சேர்த்தால் போதும். மணத்துக்கு, மெழுகின் எடையில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் எண்ணெய் சேர்த்தபோதெல்லாம் எனக்கு மேற்பரப்பு வியர்த்தது. கல்லறைக்குக் கொண்டுபோகும் மெழுகுவர்த்தியில் மணம் வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டதால், நான் அதில் மேலும் இறங்கவில்லை.

கலத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை திரி நடுவிலிருந்து ஒரு விரற்கடை விலகியிருந்த மெல்லிய கண்ணாடி டம்ளர், இரண்டாவது மணி நேரத்தில் சுடர் பக்கம் விரிசல் விட்டு, உருகிய மெழுகு முழுவதும் தட்டில் கொட்டியது. அடியில் எவர்சில்வர் தட்டு வைத்திருந்ததால் மேசை தப்பியது. தடித்த ஊறுகாய்ப் பாட்டில் போன்ற கண்ணாடியையே பயன்படுத்துங்கள். வார்க்குமுன் அதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். திரியின் அடியில் தகர வில்லை பொருத்தினால், மெழுகு அடியை நெருங்கும்போது சுடர் தானே அணைந்துவிடும். கொட்டாங்கச்சியில் வார்ப்பது பார்வைக்கு அழகுதான் என்றாலும், அதன் விளிம்பு நார் தீப்பற்றியதை நேரில் கண்டபின் நான் அதைக் கைவிட்டேன். கார்த்திகைக்கு மண் அகலில் மெழுகு வார்ப்பவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். எண்ணெய்க்காகப் புது அகலை இரவு முழுதும் நீரில் ஊறவைக்கும் நம் பழக்கம் மெழுகுக்கு ஆகாது. மண்ணில் தங்கிய ஈரம் சுடரைப் பொரிய வைக்கும். மேலும், மெழுகை உறிஞ்சிய மண்ணே சூடேறினால் திரியைப்போல் நடந்துகொள்ளக்கூடும் என்பதால், தட்டில்லாமல் தரையிலோ துணியருகிலோ வைக்கக் கூடாது.

பாத்திரம் கழுவும்போது மெழுகைச் சாக்கடைத் துளையில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் உறைந்தால் எடுக்கவே முடியாது. பாத்திரம் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்துவிட்டால் போதும். தொடங்குவதற்கு ஒரு கிலோ மெழுகு, இரண்டு தடிமனில் பின்னல் திரி, ஒரு வெப்பமானி, சமையலறைத் தராசு, இனிமேல் சமையலுக்கு எடுக்காத ஒரு பாத்திரம், ஒரு குறிப்பேடு ஆகியவை போதுமானவை.

அக்காவுக்கான வேலைக்கு ஆகஸ்டில்தான் வந்தேன். வீட்டுக்குள் மிகச் சரியாக எரிந்த நடுத்தரத் திரி மொட்டை மாடிக் காற்றில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. பாட்டிலில் பாதி மட்டும் மெழுகு வார்த்து, மீதி உயரத்தைக் காற்றுத் தடுப்பாக விட்டால் சரியாகும் என்று நினைத்தேன். அந்த ஆழத்தில் சுடருக்குக் காற்று போதாமல் புகை கட்டியது. பாட்டிலின் வாயிலிருந்து 4 செ.மீ. கீழே மெழுகின் பரப்பு இருக்கும்படி வார்த்து, திரியை ஒரு படி தடித்ததாக மாற்றியபோது, மூன்று நாள் மாலைக்காற்றிலும் அணையாமல் எரிந்தது. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்ததில் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம் மெழுகு செலவானது; ஐந்து மணி நேரத்துக்கு 35 கிராம் போதும் என்றாலும் ஒவ்வொன்றிலும் 80 கிராம் வார்த்தேன்.

இந்த ஆண்டு நவம்பர் 2 அன்று அக்கா கல்லறைக்கு ஆறு பாட்டில்களைக் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். ஐந்து மணிக்கு மேல் வாடைக்காற்றுடன் தூறலும் விழுந்தது. இரண்டு அணைந்தன, இரண்டிலும் திரியைச் சுற்றி மழைத்துளி தேங்கியிருந்தது. மீதி நான்கும் நாங்கள் எழும்பும்வரை எரிந்தன. அக்கா அவற்றை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அணைந்த இரண்டை மட்டும் பையில் எடுத்துக்கொண்டார். "மழைக்கு ஒரு மூடி மாதிரி ஏதாவது வைக்க முடியுமா, பாரேன்" என்றார். காற்று நுழைய ஓரத்தில் துளையிட்ட தகர மூடி ஒன்றை வெட்டி, இப்போது அந்த இரண்டு பாட்டில்களில் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.